ரெடிமிக்ஸ் வண்டி வரும் நாளில்: தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, காஞ்சிபுரம் ஓரிக்கையில் உன் வீட்டுக்குச் சுவர் எழும்பி, மேல்தளத்துக்குச் சென்ட்ரிங் அடிக்கும் கட்டம் வந்துவிட்டது. "ரெடிமிக்ஸ் போட்டுடலாம்மா, அரை நாள்ல முடிஞ்சிடும்" என்று மேஸ்திரி சொல்லியிருப்பார். நல்ல யோசனைதான். மாப்பிள்ளை தறியை விட்டு இறங்க முடியாத நாளில் நீதான் வாசலில் நிற்கப் போகிறாய், அதனால் உன்னிடம் சொல்கிறேன். வண்டி தெருவுக்குள் நுழைந்துவிட்டால் நின்று யோசிக்க நேரம் கிடைக்காது. முடிவெடுக்க வேண்டியதை எல்லாம் முந்தின நாளே எடுத்துவிடு. அன்றைக்கு உனக்கு மிஞ்ச வேண்டிய முக்கிய வேலை ஒன்றுதான்: வண்டியின் டிரம்முக்குள் யாரும் தண்ணீர் விடாமல் பார்த்துக்கொள்வது.

முதலில் அந்த வண்டி உன் தெருவுக்குள் வருமா என்று பார். வழக்கமாக வரும் டிரான்சிட் மிக்சர் 6 கியூபிக் மீட்டர் கொள்ளும். ஒரு கியூபிக் மீட்டர் கான்கிரீட் சுமார் 2.4 டன். ஆக, சரக்கு மட்டுமே 14 டன்னுக்கு மேல். வண்டியின் எடையையும் சேர்த்தால் 25 டன்னைத் தொடும். அகலம் எட்டடிக்கு மேல், உயரம் பன்னிரண்டு அடிக்கு மேல். தெருவை நடுவில் அளக்காதே. திண்ணை நீட்டிக்கொண்டிருக்கும் இடம், மின்கம்பம் நிற்கும் இடம், முனையில் வண்டி திரும்பும் இடம், இந்த மூன்றையும் டேப் வைத்து அள. கேபிள் டிவி ஒயர் தாழ்ந்து தொங்கினால் கேபிள்காரரைக் கூப்பிட்டு முன்னாடியே ஏற்றிக் கட்டச் சொல். கரண்ட் கம்பி என்றால் மூங்கிலோ கழியோ வைத்து நீயோ கொத்தனாரோ தள்ளிப் பார்க்கவே கூடாது. மின்வாரிய லைன்மேனை அழைத்துவந்து காட்டு.

ஓரிக்கைக்கே உரிய தொல்லை இன்னொன்று உண்டு. பாலாற்றை ஒட்டிய பக்கம் நேற்றுவரை நஞ்சையாக இருந்த நிலங்கள்தான் இன்றைக்கு மனைப்பிரிவு. மேலே கிராவல் கொட்டியிருப்பார்கள், பார்க்க ரோடு போலத்தான் இருக்கும். ஒரு நல்ல மழைக்குப் பிறகு 25 டன் வண்டி அதில் ஏறினால் பின் சக்கரம் புதைந்துவிடும். வண்டி சிக்கிக்கொண்டு நிற்கும் நேரமெல்லாம் உள்ளே கான்கிரீட் இறுகிக்கொண்டிருக்கும். கழிவுநீர்த் தொட்டி மூடி, வாய்க்கால் மேல் போட்ட சிலாப் இவற்றின் மீதும் சக்கரம் ஏறக் கூடாது. அந்த இடங்களில் முந்தின நாளே சுண்ணாம்பில் கோடு போட்டுவை, டிரைவர் கண்ணில் படும்.

பெரிய வண்டி வராது என்று தெரிந்தால் மனசு ஒடிய வேண்டாம். செல்ஃப் லோடிங் மிக்சர் என்று ஒரு வண்டி வாடகைக்குக் கிடைக்கிறது. முன்னால் இருக்கும் வாளியால் ஜல்லியையும் எம்-சாண்டையும் தானே அள்ளிப் போட்டு, தானே கலந்து, ஊற்றவும் செய்யும். எடை பார்க்கும் வசதி உள்ள வண்டியாகக் கேட்டு வாங்கு. அதுவும் நுழையாத சந்து என்றால் பழைய மில்லர்தான். மில்லரில் ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஏழு கன அடிதான் வரும். ஒரு தளத்துக்கு அறுபது தடவைக்கு மேல் கலக்க வேண்டும், அத்தனை தடவையும் தண்ணீர் அளவு ஒன்றுபோல இருக்க வேண்டும். நெருக்கமான தெரு அல்ல என்றால் ரெடிமிக்ஸையே எடு என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். பிளான்டில் எல்லாவற்றையும் எடை போட்டுக் கலக்கிறார்கள்.

அளவு சொல்வதில் மேஸ்திரியின் கண்மதிப்பை மட்டும் நம்பாதே. ஆயிரம் சதுர அடித் தளம், ஐந்து அங்குலக் கனம் என்றால் சுமார் 417 கன அடி. அதை 35.3-ஆல் வகுத்தால் 11.8 கியூபிக் மீட்டர். இது வெறும் தளத்துக்கு. பீம், சன்ஷேடு கணக்கு தனி. அப்படியானால் இரண்டு வண்டி போதாது, மூன்றாவதில் கொஞ்சம் வேண்டும். அந்தக் கடைசி வண்டிக்கான அளவை மட்டும் காலையிலேயே உறுதி செய்யாமல், இரண்டாவது வண்டி பாதி இறங்கும்போது மிச்ச இடத்தை எஞ்சினியரை அளக்கச் சொல்லி பிளான்டுக்குப் போன் செய். கொண்டுவந்த அளவு சரிதானா என்று சந்தேகமாக இருந்தால், வழியில் எடை மேடையில் சுமையோடு ஒரு தடவை, திரும்பும்போது காலியாக ஒரு தடவை நிறுத்திப் பார்க்கச் சொல்லலாம். வித்தியாசத்தை 2.4-ஆல் வகுத்தால் எத்தனை கியூபிக் மீட்டர் என்று தெரிந்துவிடும்.

இந்த வண்டிகள் எங்கிருந்தோ வந்தவை அல்ல, தங்கச்சி. ஷ்விங் ஸ்டெட்டர் நிறுவனம் நம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் தொடங்கியது. டிரான்சிட் மிக்சரும் கான்கிரீட் பம்பும் அங்கே தயாராகின்றன. பக்கத்துச் செய்யாறு சிப்காட்டிலும் அவர்களுக்குத் தொழிற்சாலை இருக்கிறது. யோசனை மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தது: அமெரிக்காவில் கொலம்பஸ் நகரத்தில் வாழ்ந்த அர்மீனியரான ஸ்டீபன் ஸ்டெபானியன் இப்படியொரு வண்டிக்கு 1916-லேயே காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். காப்புரிமை அவர் கைக்கு வந்து சேர்ந்தது 1933-இல்.

டிரம்முக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் நீ அதட்டிப் பேச வசதியாக இருக்கும். உட்சுவரில் சுருள் சுருளாகத் தகடுகளைப் பற்றவைத்திருப்பார்கள். ஒரு பக்கம் சுற்றினால் அந்தத் தகடு கலவையை உள்ளே தள்ளிக் கலக்கும். மறுபக்கம் சுற்றினால் அதே தகடு கலவையை வாய்க்குத் தள்ளி வெளியே கொட்டும். ஓடும் வழியில் நிமிடத்துக்கு இரண்டு முதல் ஆறு சுற்று போதும், கல் கீழே தங்காமல் இருப்பதற்காக. வந்து நின்றதும் ஊற்றுவதற்கு முன் ஓரிரு நிமிடம் வேகமாகச் சுற்றச் சொல். அதைச் செய்யாமல் கொட்டினால் முதலில் வருவது ஜல்லியாகவும் பிறகு வருவது சாந்தாகவும் பிரிந்துபோகும்.

இப்போது நேரம். ரெடிமிக்ஸுக்கான இந்தியத் தரக்குறிப்பு ஐ.எஸ். 4926, சரக்கு ஏற்றிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஊற்றி முடிக்க வேண்டும் என்பதைப் பொது விதியாக வைத்திருக்கிறது. இறுகுவதைத் தள்ளிப்போடும் ரசாயனம் சேர்த்திருந்தால் கூடுதல் நேரம் அனுமதிக்கலாம். அது எவ்வளவு என்பதை பிளான்டுக்காரர் எழுத்தில் தர வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்திலிருந்து வண்டி கிளம்பினால், பொன்னேரிக்கரையைத் தாண்டி ஊரைச் சுற்றி ஓரிக்கைக்கு வந்து சேர்வதற்குள்ளேயே அந்த இரண்டு மணியில் பெரும்பங்கு போய்விடலாம். வரதருக்கு வைகாசி பிரம்மோற்சவம் நடக்கும் நாட்களில், குறிப்பாக கருட சேவையன்றும் தேரன்றும், கான்கிரீட் வைத்துக்கொள்ளாதே. 2019-இல் அத்திவரதர் வைபவம் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை நடந்தபோது ஊர் எப்படித் திணறியது என்று நீயே பார்த்தாய். சாதாரண நாளிலும் கனரக வண்டிக்கு எந்தெந்த நேரம் தடை என்று போக்குவரத்துக் காவலரிடம் கேட்டு வை.

வண்டி வந்ததும் நீ கையில் வாங்க வேண்டியது டெலிவரி சலான். சரக்கு ஏற்றிய நேரம், கிரேடு, அளவு, வண்டி எண், இந்த நான்கையும் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடு. எம் 20 கேட்டிருந்தால் எம் 20 என்றே இருக்க வேண்டும். ஐ.எஸ். 456 கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குச் சொல்லும் குறைந்தபட்சமே அதுதான், அதற்குக் கீழே இறங்காதே. எஞ்சினியர் எம் 25 எழுதியிருந்தால் செலவு கருதிக் குறைக்க வேண்டாம்.

அடுத்து தண்ணீர். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். கலவை கொஞ்சம் கெட்டியாக வந்தால் பம்ப்காரர் முனகுவார், கொத்தனார் "இழுக்க வரலை" என்பார், டிரைவர் வண்டியிலேயே இருக்கும் தொட்டியிலிருந்து ஹோஸை எடுத்து டிரம் வாயில் வைப்பார். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, வேலை சுலபமாகட்டும் என்றுதான் செய்கிறார்கள். ஆனால் அந்தத் தொட்டி, கான்கிரீட் இறங்கும் சறுக்குத் தகட்டையும் டிரம்மையும் கழுவுவதற்கு, கலவையில் விடுவதற்கு அல்ல. தொழிலில் இருப்பவர்களின் கைக்கணக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு கியூபிக் மீட்டருக்கு 5 லிட்டர் கூடுதலாக விட்டால் ஸ்லம்ப் (கலவையின் இளக்க அளவு) சுமார் 25 மில்லிமீட்டர் ஏறும், சதுர மில்லிமீட்டருக்கு ஒன்றரை நியூட்டன் அளவுக்கு வலிமை இறங்கும். 6 கியூபிக் மீட்டர் வண்டிக்கு அது 30 லிட்டர், நம் வீட்டுக் குடத்தில் இரண்டு குடம். ஹோஸைத் திறந்துவிட்டு யாராவது பேச்சுக் கொடுத்தால் இரண்டு குடம் நாலு குடமாகப் போவது கண்ணுக்கே தெரியாது. நீ காசு கொடுத்தது எம் 20-க்கு, தளத்தில் இருப்பது அதற்குக் கீழே.

அதனால் வண்டி நின்ற உடனே டிரைவரிடம் மரியாதையாக, ஆனால் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிடு: "அண்ணே, உள்ளே தண்ணி விடாதீங்க. கெட்டியா இருந்தா பிளான்டு ஆளைக் கூப்பிடுங்க." கலவையை இளக்க வேறு வழி இருக்கிறது. பிளான்டின் தரக்கட்டுப்பாட்டு ஆள் அளந்து விடும் ரசாயனம் தண்ணீரைக் கூட்டாமலே இளக்கும். அதை விட்ட பிறகு டிரம்மை முழு வேகத்தில் சில நிமிடம் சுற்ற வேண்டும். இந்த ஆள் முதல் வண்டியோடு வர வேண்டும் என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல். ஸ்லம்ப் எவ்வளவு வேண்டும் என்பதையும் அப்போதே எழுதிக் கொடு. பம்பில் போவதற்குப் பொதுவாக 100 முதல் 150 மில்லிமீட்டர் கேட்பார்கள். பிளான்டிலேயே அதற்கேற்பக் கலந்து அனுப்பினால் வாசலில் வம்பே இல்லை.

பம்ப் பற்றி ஒரு விஷயம். தொடங்கும்போது குழாயை வழவழப்பாக்கச் சிமெண்ட் பால் விடுவார்கள். அதைத் தளத்திலோ பீமிலோ கொட்ட விடாதே, தனியாகப் பிடித்து அப்புறப்படுத்தச் சொல். பூம் பம்ப் வருவதானால் அதன் கை விரியும் வீச்சுக்குள் மின்கம்பி இருக்கவே கூடாது. இருந்தால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து சப்ளையை நிறுத்திய பிறகுதான் வேலை. கான்கிரீட்டை ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து விழவிடாதே. வைப்ரேட்டர் இரண்டு இருக்கட்டும், ஒன்று மக்கர் செய்யும்.

நம் தெருக்காரர்களுக்காக ஒன்று. விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் வீடுகள் உன் தெருவிலோ, வண்டி வரும் வழியிலோ இருந்தால் மூன்று நாள் முன்பே போய்ச் சொல்லிவிடு. அவர்கள் ஒரு நாள் தள்ளிப் போடலாம், அல்லது பாவு சுருட்டிய பிறகு உன் வண்டி வரலாம். சிமெண்ட் பால் ஒரு தெறிப்பு பட்டுப் பாவில் விழுந்தால் ஒரு புடவையின் நூல் போயிற்று. அப்புறம் கை. அண்டை அயலில் ஆசையாக உதவிக்கு வருவார்கள். பச்சைக் கான்கிரீட் கடுமையான காரம், வெறுங்கையில் அள்ளினால் விரல் வெடித்துச் சொரசொரப்பாகிவிடும். அந்தக் கையோடு மறுநாள் தறியில் உட்கார்ந்தால் பட்டிழை விரலில் மாட்டிப் பிசிறும். மாப்பிள்ளையும் கைகொடுக்க வந்தால் கண்டிப்பாக ரப்பர் கையுறையும் பூட்ஸும் போடச் சொல், அல்லது சட்டி தூக்க விடாமல் கணக்குப் பார்க்க உட்கார வை.

வண்டி கழுவும் தண்ணீரும் அதே காரம்தான். வாய்க்காலில் விட்டால் அங்கேயே கல்லாக இறுகி அடைத்துக்கொள்ளும். ஏரிக்கோ ஆற்றுக்கோ போனால் மீன் சாகும். "டிரம்மை பிளான்டில் போய்க் கழுவிக்கொள்ளுங்கள்" என்று சொல். சறுக்குத் தகடு கழுவும் தண்ணீருக்கு மட்டும் உன் மனையிலேயே ஒரு குழி வெட்டி வை. மிஞ்சும் கலவைக்கும் இடம் யோசி. படிக்கட்டுக்கு அடியிலோ வாசல் சரிவுக்கோ பலகை அடித்து வைத்திருந்தால் வீணாகாது.

தளம் கொஞ்சம் இறுகியதும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்து. சாதாரண சிமெண்டுக்கு ஏழு நாள் என்றாலும், ரெடிமிக்ஸில் பெரும்பாலும் சாம்பல் சேர்ந்திருக்கும், அதற்குப் பத்து நாள் குறையாமல் வேண்டும். சித்திரை, வைகாசி வெயில் என்றால் பதினாலு நாளாகவே வைத்துக்கொள்.

கடைசியாக, வலிமையைச் சோதிக்கும் கியூப். தளத்தில் கொட்டும் கான்கிரீட்டிலிருந்தே 150 மில்லிமீட்டர் அச்சில் எடுக்க வேண்டும். ஆறு முதல் பதினைந்து கியூபிக் மீட்டர் வரை இரண்டு மாதிரி, மாதிரிக்கு மூன்று கியூப். வண்டியிலிருந்து இறங்கும் ஓட்டத்தின் நடுவில் எடுக்கச் சொல், முதல் சட்டியிலும் கடைசிச் சட்டியிலும் வேண்டாம். எந்த வண்டி, எந்த நேரம் என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதி நீயே வைத்துக்கொள். பிளான்டுக்காரர் எடுத்துப்போகும் கியூப் அவர் கணக்குக்கு, உன் கியூப் உன் கணக்குக்கு. பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் 28-ஆம் நாள் உடைத்துப் பார்த்துச் சான்று தருவார்கள். அந்தத் தாளையும் எல்லா டெலிவரி சலானையும் ஒரே கவரில் போட்டு வீட்டுப் பத்திரத்தோடு வை. நாளைக்கு மாடியில் இன்னொரு தளம் எடுக்கும்போது எஞ்சினியர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.