கட்டிப்பால் வாடையும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

மாணவர்களே, நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் கட்டிப்பால் வாடையை அறியாதவர் குறைவு. மங்கில் உறைந்த பாலிலுள்ள புரதம் முதலியவற்றைப் பாக்டீரியாக்கள் சிதைக்கின்றன. அப்போது உண்டாகி ஆவியாகும் பியூட்ரிக் அமிலம் போன்றவையே மூக்கைத் துளைக்கின்றன.

இத்தகைய துர்நாற்றத்தை ஆங்கிலத்தில் 'மெலோடர்' என்பர். 'ஓடர்' என்பது வாசனை; நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். 'மெல்' என்ற முன்னொட்டு 'கெட்ட' எனப் பொருள்படும். பேச்சுக்கு 'ஸ்டிங்க்' போதும். அறிவியல் அறிக்கைக்கும் புகார்க் கடிதத்திற்கும் 'மெலோடர்' பொருந்தும்.

'மலேரியா' என்பதிலும் இதே வேர் உண்டு. இத்தாலிய மொழியில் அது 'கெட்ட காற்று'. சதுப்பு நில நாற்றமே காய்ச்சலைத் தருகிறது என்று அன்று நம்பினர். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ரோஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதன் பிறகே மலாயாத் தோட்டங்களில் வடிகால் வெட்டிக் கொசுவை ஒழிக்க வழி பிறந்தது.

நாற்றம் ஓர் அறிகுறிதான். காரணத்தைத் தேடிக் கண்டறிவதே அறிவியல்.