குடற்கோழையும் சாட்டைப் புழுவும்

ஆந்திர மாநிலச் சித்தூர் மாவட்டத்துச் சாந்திபுரம் போன்ற சிற்றூர்ப் பள்ளிகளில், 2015-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்கத் திட்டத்தின்படி ஆல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுகிறது. உருளைப் புழு இம்மருந்துக்கு எளிதில் அடங்கும். சாட்டைப் புழுவோ ஒரு வேளை மருந்தில் பெரும்பாலும் ஒழிவதில்லை. ஆகவே, உடல் தானே அதனை எவ்வாறு எதிர்க்கிறது என்பது அறியத்தக்கது.

குடலின் உட்சுவரிலுள்ள கோப்பை வடிவ உயிரணுக்கள் சுரக்கும் கோழை, சுவரைப் போர்த்திக் காக்கிறது. இதனை வெறும் கழிவென்று கருதுவது பிழை. சாட்டைப் புழு தன் மெல்லிய முன்பகுதியைக் குடற்சுவரினுள் செலுத்தி வாழ்வது. அது வெளிவிடும் நொதிகள், கோழையின் முதன்மைப் பொருளாகிய மியூசின்-2 என்னும் புரதத்தைச் சிதைக்கின்றன என்பது சுண்டெலிகளில் நடந்த ஆய்வுகளால் தெரியவந்தது. புழுவை வெளியேற்றவல்ல எலிகளிலோ, மியூசின்-5ஏசி என்னும் வேறொரு புரதம் பெருங்குடலில் தோன்றிற்று. இயல்பாக இது மூச்சுக்குழலிலும் இரைப்பையிலும் சுரப்பது. அந்நொதிகளால் இதனைச் சிதைக்க இயலவில்லை. 2011-இல் வெளியான ஆய்வில், இப்புரதம் அறவே இல்லாத எலிகள், பிற எதிர்ப்பாற்றல் வலுவாக இருந்தும், புழுவை வெளியேற்ற மாட்டாதிருந்தன. சளி பிடித்தால் நாம் காறி உமிழும் கோழையிலுள்ள அதே புரதம் குடலுக்குக் காவலாவது வியப்பே!

எனினும், எல்லா எலிகளிலும் இக்காவல் உரிய காலத்தில் எழுவதில்லை. மலத்துடன் வெளிவரும் முட்டை, நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் ஏறக்குறைய மூன்று வாரங்களில் தொற்றும் நிலையை எய்தும். தோலைத் துளைத்துப் புகும் கொக்கிப் புழுவைப் போலன்றி, இது வாய்வழியே புகுவது. செருப்பு இதற்குக் காப்பாகாது. மாத்திரை வழங்கும் நாளில் ஆசிரியர் முதலில் நோக்க வேண்டியது குழந்தைகளின் நகங்களை.