தானே புதுப்பித்துக்கொள்ளும் சான்றிதழ்

2020 பிப்ரவரி 3ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ‘டீம்ஸ்’ சேவை சில மணி நேரம் நின்றுபோயிற்று. இயந்திரம் எதுவும் பழுதாகவில்லை. கள்வர் எவரும் புகவில்லை. பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்றின் தவணை முடிந்திருந்தது. அதை உரிய நாளில் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான்!

இச்சான்றிதழ் என்ன சொல்கிறது? ‘இந்தப் பெயருள்ள இணையதளத்தின் திறவுகோல் இதுவே’ என்று உறுதி கூறுகிறது. பிரௌசர் இதைச் சரிபார்த்த பின்னரே தளத்துடன் மறைமொழியில் உரையாடத் தொடங்கும். ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்னும் அமைப்பு 2015 டிசம்பரிலிருந்து இதை எல்லோருக்கும் இலவசமாக வழங்கி வருகிறது. ஆனால் தொடக்கத்திலேயே 90 நாள் தவணைதான் வைத்தது. 2029 மார்ச் 15 முதல் எந்தப் பொதுச் சான்றிதழும் 47 நாளுக்கு மேல் செல்லக்கூடாது என்று சான்றிதழ் நிறுவனங்களும் பிரௌசர் நிறுவனங்களும் 2025இல் முடிவு செய்துள்ளன. மனிதர் நினைவில் வைத்துக்கொண்டு செய்கிற வேலையா இது? கணிப்பொறியிடம் விட்டுவிடுவதே நல்லது.

ஆனால் கேட்டவருக்கெல்லாம் சான்றிதழ் தந்துவிட முடியுமா? பெயர் உங்களுடையதுதான் என்று மெய்ப்பிக்க வேண்டும் அல்லவா? இணையப் பெயர்களுக்கு டி.என்.எஸ். என்னும் பொதுப் பதிவேடு உண்டு. அதை எவரும் படிக்கலாம். உங்கள் பெயருக்கு நேரே எழுதும் உரிமையோ உங்களுக்கு மட்டுமே. சோதனை இதை வைத்தே நடக்கிறது.

சான்றிதழ் நிறுவனம் ஒரு புதிய குறியீட்டை அனுப்பும். உங்கள் கணிப்பொறி அதைத் தன் கணக்குத் திறவுகோலின் சுருக்கத்தோடு சேர்த்து, 43 எழுத்துள்ள ஒரு வரியாக மாற்றும். பிறகு, பதிவேட்டை நடத்தும் நிறுவனத்தின் ‘ஏ.பி.ஐ.’ வழியாக, அதாவது நிரல்களுக்கென்றே வைத்துள்ள வாசல் வழியாக, அவ்வரியை எழுதிவிடும். சான்றிதழ் நிறுவனம் பதிவேட்டைப் பார்க்கும். வரி பொருந்தினால் சான்றிதழ் கிடைக்கும். பின்னர் வரியை அழித்துவிடலாம். எழுதிய வரி பதிவேட்டின் எல்லாப் படிகளிலும் ஏறச் சற்று நேரமாகும். நிரல் அதுவரை பொறுத்திராவிட்டால் சோதனை தோற்றுப்போகும்!

ஒரு பெயரின் கீழுள்ள கிளைப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சான்றிதழை 2018 மார்ச் முதல் லெட்ஸ் என்கிரிப்ட் தருகிறது. அதற்கு டி.என்.எஸ். சோதனை கட்டாயம்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஏ.பி.ஐ. வாசலுக்கு ஓர் இரகசியச் சாவி வேண்டும். அது உங்கள் சர்வரிலேயே இருக்கும். அதைத் திருடியவன் தளத்தையும் மின்னஞ்சலையும் தன் பக்கம் திருப்பிவிடலாம். உங்கள் பெயரிலேயே சான்றிதழும் பெறலாம்! ஆகவே விவரமறிந்தோர் முழுப் பதிவேட்டின் சாவியைச் சர்வரில் வைப்பதில்லை. சோதனை வரி இருக்கும் இடத்தை மட்டும் வேறொரு தனிப் பெயருக்குத் திருப்பிவிட்டு, அந்தப் பெயரின் சாவியை மட்டும் சர்வரிடம் தருகிறார்கள்.