வாத்துகளில் ஆணும் பெண்ணும்

திருவண்ணாமலைக்கு வருவோர் மலையையும், 217 அடி உயரமுள்ள கீழைக் கோபுரத்தையும் கண்டு வியப்பர். நகருக்கு வெளியே பரந்துள்ள ஏரிகளையும் வயல்களையும் நின்று நோக்குவோர் சிலரே. நெல் அறுவடை முடிந்தபின் அப்பக்கம் சென்றால் இனியதொரு காட்சியைக் காணலாம். நூற்றுக்கணக்கான வாத்துகள், சிந்திய நெல்மணிகளையும் நத்தைகளையும் பூச்சிகளையும் தின்றுகொண்டு, வரிசை வரிசையாய் நகர்ந்து செல்லும். கையில் நீண்ட கோலுடன் மேய்ப்பவர் பின்தொடர்வார். ஆரணி முதலிய இடங்களில் இத்தொழில் செய்வோர், ஓரூரில் மேய்ச்சல் முடிந்ததும் மற்றோர் ஊருக்கு வாத்துகளை ஓட்டிச் செல்வர்.

கொல்லைப்புறத்தில் வளர்ப்பதற்காக நாலைந்து வாத்துகளை விலைக்கு வாங்குவோரும் உண்டு. அத்தகைய எளிய குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். முட்டை விற்று வரும் பணம் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் என்பது அவர்கள் நம்பிக்கை. வாங்கிய ஐந்தில் மூன்று ஓயாமல் கத்தின. இரண்டு அடங்கிய குரலுடையனவாய் இருந்தன. 'கூவுவது சேவல் அன்றோ? மூன்று சேவல் நமக்கு எதற்கு?' என்று கருதி, கத்தியவற்றைச் சந்தையில் விற்றுவிட்டனர். மாதங்கள் பல சென்றன. ஒரு முட்டையேனும் கிடைக்கவில்லை. அவர்கள் விற்றவை மூன்றும் பெட்டைகள். வைத்துக் கொண்டவை இரண்டும் ஆண்கள்!

இப்பிழை எவ்வாறு நேர்ந்தது? கோழியைப் பற்றி அறிந்ததை அவர்கள் வாத்துக்கும் பொருத்திவிட்டனர். மயில் நீங்கலாகச் சிறகுடைய பறவைகளின் ஆணுக்குச் சேவல் என்னும் பெயர் உரியது என்று தொல்காப்பியம் கூறும். ஆதலின் ஆண் வாத்தையும் சேவல் எனலாம். ஆயினும், பெயர் ஒன்றாயிருத்தலால் இயல்பும் ஒன்றாகிவிடாது.

வாத்துகளுள் உரக்கக் கத்துவது பெட்டையே. 'குவாக், குவாக்' என்று அதன் குரல் தெளிவாய் ஒலிக்கும். ஆணின் குரல் தொண்டை கட்டியவர் பேச்சைப்போல் கரகரப்பாய்த் தாழ்ந்திருக்கும். ஆணின் மூச்சுக்குழல் கிளைக்கும் இடத்தில், குரலுறுப்பை ஒட்டி, எலும்பாலான சிறு குமிழ் ஒன்று உண்டு. பெட்டைக்கு அது இல்லை. குஞ்சுகள் யாவும் ஒன்றுபோலவே கீச்சிடும். ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரங்களில் குரல் வேறுபடத் தொடங்கும். ஐயம் உண்டானால், ஒவ்வொன்றையும் உடலோடு அணைத்து மெல்லத் தூக்கிக் குரலைக் கேட்கலாம். கால்களைப் பிடித்துத் தூக்குதல் தகாது. வாத்தின் கால்கள் எளிதில் ஊறுபடும்.

இரண்டாம் அடையாளம் வால். வளர்ந்த ஆணின் வால்மேல் சில இறகுகள் மேல்நோக்கிச் சுருண்டு நிற்கும். பெட்டையின் வாலில் அச்சுருள் இராது. ஆயின் இறகு உதிரும் காலத்தில் அச்சுருளும் உதிர்ந்து, பின்னர் முளைக்கும். எனவே சுருள் காணாத வாத்தெல்லாம் பெட்டை என முடிவு செய்தல் கூடாது.

மூன்றாம் அடையாளம் நிறம். பல இனங்களில் ஆணின் தலை பச்சை கலந்து பளபளக்கும். பெட்டை மங்கிய நிறமாய் இருக்கும். முட்டைக்குப் புகழ்பெற்ற காக்கி காம்பெல் இனத்திலும் ஆணின் தலை கருமை மிக்குத் தோன்றும். வெள்ளை வாத்துகளிலோ இவ்வேறுபாடு காண்பதற்கில்லை. மேலும், இனப்பெருக்கக் காலம் கழிந்ததும் ஆணின் பளபளப்பு நீங்க, அது சில காலம் பெட்டையைப் போலவே தோன்றும்.

இவ்விதிகளுக்கு உட்படாத இனமும் ஒன்று உண்டு. அஃது அமெரிக்காவிலிருந்து வந்த மஸ்கோவி வாத்து. அதன் ஆணுக்கு வாற்சுருள் இல்லை. பெட்டையும் உரக்கக் கத்துவதில்லை. ஆணின் உருவம் பெட்டையினும் மிகப் பெரிது. முகத்தில் செந்நிறத் தசை முடிச்சுகள் மிகுந்திருக்கும்.

அன்று பொரித்த குஞ்சுகளையும் அவற்றின் கழிவாயைச் சோதித்துப் பிரித்தறிவர். அது பயிற்சி பெற்றோர் செய்யும் வேலை. பழகாத கை குஞ்சுக்குத் தீங்கு விளைக்கும்.

ஆண் இன்றியும் பெட்டை முட்டையிடும். ஆயினும் அம்முட்டை பொரியாது. குஞ்சு வேண்டுவோர் ஆறு முதல் எட்டுப் பெட்டைகளுக்கு ஓர் ஆணை வைத்துக்கொண்டால் போதும்.

அக்குடும்பத்தார் சோம்பர் அல்லர்; நாள்தோறும் இரையிட்டு அன்புடன் வளர்த்தவரே. குரல், வால், நிறம் ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்காமல், ஒன்றை மட்டும் கொண்டு முடிவு செய்ததே அவர்கள் பிழை. உழைப்புடன் உற்றுநோக்கும் அறிவும் சேரும்போதே பயன் விளையும்.

வினாக்கள்

1. வாத்துகளுள் உரத்த குரலுடையது எது? அதன் காரணம் யாது?
2. வாலில் சுருள் இல்லாமை ஒன்றையே கொண்டு பெட்டை என முடிவு செய்யலாகாது. ஏன்?
3. மஸ்கோவி வாத்தில் ஆணை அறிவது எங்ஙனம்?
4. உங்கள் ஊரில் வளர்க்கும் பறவை ஒன்றை ஒரு வாரம் உற்றுநோக்கி, கண்டவற்றை எழுதுக.