வீட்டுக் கத்தி: கூரும் காப்பும்

இடம்பெயர்ந்த குடும்பத்தில் சமைக்கும் கையே கூலிக்கும் போகிறது. அதில் வெட்டு விழுந்தால் பல நாள் உழைப்பு நின்றுவிடும். கூரிய கத்தியைவிட மழுங்கிய கத்தியே ஆபத்தானது. அழுத்தும்போது வழுக்கிக் கையில் பாய்கிறது.

1. தீட்டுதல்: நனைத்த உரைகல்லை ஈரத்துணியின்மேல் அசையாமல் வையுங்கள். கத்தியின் முதுகைச் சற்று உயர்த்தி, ஏறத்தாழ 20 பாகைச் சாய்வில் தீட்டுங்கள். மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிர் தட்டுப்பட்டதும், அப்பக்கமும் தீட்டி அதை நீக்குங்கள். உரைகல் இல்லாவிடில் பீங்கான் கோப்பையின் சொரசொரப்பான அடிவிளிம்பு உதவும்.

2. பேணுதல்: கொல்லன் பட்டறை உருக்குக் கத்தி எளிதில் கூரேறும், எளிதில் துருவும் பிடிக்கும். பலாங்கொடைக்கு அருகே சமனலவெவவில் 7ஆம் நூற்றாண்டிலேயே காற்றின் விசையால் உலை மூட்டி உருக்கு எடுத்தார்கள். அம்பிட்டிய போன்ற ஈரமான மலைப்பகுதியில், தேசிக்காய் வெட்டிய உடனே கத்தியைக் கழுவித் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசுங்கள். பலாக்காய் வெட்டுமுன் எண்ணெய் தடவினால் பால் ஒட்டாது.

3. வைத்தல்: ஓரறை வீட்டில் கத்தியைத் தரையில் விடவேண்டாம். தடித்த அட்டையில் உறை செய்து, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கை தவறி விழும் கத்தியைப் பிடிக்க முயலாமல் விலகி நில்லுங்கள்.

4. வெட்டுப்பட்டால்: சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாது அழுத்துங்கள். இரத்தம் நின்றபின் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு கழுவுங்கள். கோப்பித்தூள், சாம்பல் இடவேண்டாம். வெட்டு ஆழமானால், விரல் மரத்தால், அல்லது மடக்க முடியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். ஏற்புவலித் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

குழுவாகச் சிந்திக்க: உங்கள் வீட்டுக் கத்தி இப்போது எங்கே இருக்கிறது? அது எந்தப் பிள்ளைக்கு எட்டும்? நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஓர் உரைகல் வாங்கலாமா?