தொடங்கிய பூத்தையலை முடிப்பது எவ்வாறு?

நம் கிராமங்களில் ஊசியும் நூலும் இல்லாத இல்லம் அரிது. கிழிந்த ஆடையைத் தைப்பதற்கென வாங்கிய ஊசியே, வேலை ஓய்ந்த வேளையில் தலையணை உறையில் ஒரு கிளியையும், குழந்தையின் சட்டையில் ஒரு பூங்கொத்தையும் தோற்றுவிக்கின்றது. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்ற பின்னர், கிராம சேவிகைகளும் மாதர் சங்கங்களும் பல ஊர்களில் தையற்கலையைப் பரப்பினர். அன்று தாயிடம் வந்த கலை இன்று மகளிடமும் பேத்தியிடமும் நிலைத்திருக்கின்றது.

ஆயினும் ஒரு குறையை நாம் காண்கிறோம். தொடங்கப்பெறும் பூவேலைகள் பல, முடிக்கப்பெறுவன சில. பாதியில் நின்ற துணி, ஊசி குத்தியபடியே பெட்டியின் அடியிற் கிடக்கின்றது. அதைக் காணும்போதெல்லாம், "எனக்குக் கை வரவில்லை" என்று அச்சகோதரி எண்ணிக்கொள்கிறாள். உண்மையில் குறை கையில் இல்லை. பெரும்பாலும் கணக்கிலும், முன்னேற்பாட்டிலும், சில சமயங்களில் கண்ணிலுமே இருக்கின்றது. அதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

நேரத்தைக் கணக்கிடுதல்

ஒரு சகோதரியை மனத்திற் கொள்வோம். வைகறையில் வாசல் தெளித்தது முதல் இரவு பாத்திரம் கழுவிக் கவிழ்க்கும் வரையில் அவளுக்கு ஓய்வில்லை. பிற்பகலில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதற்கு முன்னர், அரைமணி நேரம் கிடைக்கின்றது. அவள் தலையணை உறை ஒன்றில் குறுக்குத் தையலால் ஒரு மயிலை அமைக்க விரும்புகிறாள். கிராஸ் தையல் என்று பலரும் சொல்வது இதுவே. வரைபடத்தில் அந்த மயில் அகலத்தில் 66 கட்டங்களும் உயரத்தில் 44 கட்டங்களும் கொண்டது.

ஓர் அங்குலத்திற்கு 11 கட்டங்கள் உள்ள துணியானால், படம் 6 அங்குல அகலமும் 4 அங்குல உயரமும் இருக்கும். கட்டங்கள் அனைத்தும் நிரம்புமாயின் தையல்களின் தொகை 2,904. அரைமணிக்கு 100 தையல் எனக் கொண்டால் 29 நாட்கள் வேண்டும். நடவு, விருந்தினர், குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஊசியைத் தொட முடியாத நாட்களையும் சேர்த்தால் ஒன்றரை மாதம் ஆகிவிடும். இக்கணக்கைப் போடாமல், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில் தொடங்கினால், வேலை நிற்பதில் வியப்பில்லை.

இங்கே ஓர் உண்மையை நினைவில் வைத்தல் நலம். படத்தின் இரு பக்கங்களையும் பாதியாகக் குறைத்தால் வேலை பாதியாகக் குறைவதில்லை, காற்பங்காகக் குறைகின்றது. 33 கட்டமும் 22 கட்டமும் உள்ள படத்திற்குத் தையல்கள் 726 மட்டுமே. அதனை எட்டு நாட்களில் முடித்துவிடலாம். புதிதாகப் பழகுவோர் சிறிய படத்தையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். முடிந்த சிறிய வேலை அடுத்த வேலைக்கு ஊக்கம் தரும். முடியாத பெரிய வேலையோ உள்ள ஊக்கத்தையும் கெடுக்கும்.

தொடங்குமுன் செய்ய வேண்டுவன

முதலாவது, துணியை நனைத்து, கஞ்சி போகும்படி அலசி, உலர்த்தி, இஸ்திரி போட்டுக்கொள்ள வேண்டும். புதுப் பருத்தித் துணி முதற் சலவையிற் சுருங்கும் இயல்புடையது. சுருங்காத பூவேலையின் அடியில் துணி மட்டும் சுருங்கினால், படம் மேடும் பள்ளமுமாகத் தோன்றும்.

இரண்டாவது, நூலின் சாயத்தைச் சோதித்தல் வேண்டும். சிவப்பு, கறுப்பு, கருநீலம் ஆகியவற்றில் இது மிகவும் அவசியம். நூலின் ஒரு சிறு துண்டை நனைத்து, வெள்ளைத் துணியில் மடித்து அழுத்துக. வெள்ளையில் நிறம் ஏறினால், அந்நூலை வெள்ளைத் துணியிற் பயன்படுத்தலாகாது.

மூன்றாவது, துணியை நீளவாட்டிலும் அகலவாட்டிலும் மடித்து நடுவிடத்தைக் கண்டறிந்து, அங்கிருந்தே தொடங்குதல் நன்று. பத்துக் கட்டங்களுக்கு ஒரு முறை வேறு நிற நூலால் மெல்லிய ஓட்டுத் தையல் போட்டுவைத்தால், எண்ணிக்கை தவறுவது பெரிதும் குறையும். வேலை முடிந்ததும் அதனை உருவிவிடலாம்.

இடையில் நேரும் இடையூறுகள்

நூல் சிக்குதல்: பூத்தையல் நூலில் பொதுவாக ஆறு இழைகள் சேர்ந்திருக்கும். மேற்சொன்ன துணிக்கு மூன்று இழைகள் போதும். இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, பின்னர் ஒன்று சேர்த்தால் அவை சமமாகப் படியும். மூன்றையும் ஒருங்கே இழுத்தால் முறுக்கிக்கொள்ளும். நூல் ஒரு முழத்திற்கு மேல் வேண்டா. அடிக்கடி கோத்துக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று நீளமாக எடுப்போர், சிக்கெடுப்பதிலேயே அதிக நேரத்தைச் செலவிடுவர். நூல் முறுக்கேறினால் ஊசியைத் தொங்கவிடுக. முறுக்கு தானே அவிழும்.

துணி சுருக்கம் விழுதல்: நூலை இறுக்கி இழுப்பதே இதற்குக் காரணம். நூல் துணியின்மேல் படிந்து நிற்க வேண்டுமேயன்றித் துணியைக் கவ்வி இழுக்கலாகாது. வளையத்தில் துணியைத் தம்பட்டத்தின் தோல்போல் சமமாக விறைப்பித்துக்கொண்டால் இக்குறை குறையும்.

எண்ணிக்கை தவறுதல்: இதுவே மனத்தை மிகவும் சோர்விப்பது. மயிலின் கழுத்தில் ஒரு கட்டம் பிசகியதை இறகு வரை தைத்த பின்னரே அச்சகோதரி காண்கிறாள். பிரிப்பதா, விடுவதா? இதற்கு ஓர் எளிய விதி உண்டு. ஒரு தவறு அடுத்து வரும் தையல்களையெல்லாம் இடம் மாற்றிவிடுமாயின், அதனைப் பிரித்தே ஆக வேண்டும். ஒரு தையலின் நிறமோ இடமோ மட்டும் மாறி, மற்றவை முறையாக அமைந்திருக்குமாயின், அதனை விட்டுவிடலாம். கண்ணுக்கு இனிமையே பூவேலையின் பயன். பிரிக்கும்போது துணியின் பின்புறத்திலிருந்து நூலை ஆங்காங்கே வெட்டி, சிறு துண்டுகளாக எடுத்தல் வேண்டும். நீள நூலாக இழுத்தால் துணியின் கண்கள் விரிந்துவிடும்.

கறையும் துருவும்: ஊசியைத் துணியிற் குத்தி வைத்துவிட்டு எழுவது பலருடைய வழக்கம். மழைக்காலத்தில் ஓர் இரவு போதும், துருக்கறை படிவதற்கு. வளையத்தையும் நாள்தோறும் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் அதன் தடம் துணியில் நிலைத்துவிடும். மஞ்சள் அரைத்த கையையும் தாளித்த கையையும் நன்கு கழுவித் துடைத்த பின்னரே துணியைத் தொடுதல் வேண்டும்.

சாயம் இறங்குதல்: சோதித்தும் சில சமயம் இது நேர்வதுண்டு. அஞ்ச வேண்டுவதில்லை, ஆனால் தாமதம் கூடாது. துணி உலர்வதற்கு முன்னரே, நீரில் நிறம் தோன்றாமற்போகும் வரையில், குளிர்ந்த நீரை மாற்றி மாற்றி அலசுக. முறுக்கிப் பிழிவதும், கறை இருக்கையிலேயே இஸ்திரி போடுவதும் தவறு; சூடு பட்டால் கறை நிலைத்துவிடும். உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அதனை நம்பி விலையுயர்ந்த வேலையை ஒப்படைத்தலாகாது.

கண்ணைக் காத்தல்

நாற்பது வயதை ஒட்டிய சகோதரிகள் பலர், "இப்பொழுதெல்லாம் ஊசியில் நூல் கோக்க முடிவதில்லை, பழைய நேர்த்தியும் இல்லை" என்று சொல்லித் தையலைக் கைவிட்டுவிடுகின்றனர். இது கைத்திறன் குன்றியதன் அறிகுறியன்று, வெள்ளெழுத்து. வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை நெகிழும் தன்மையை இழப்பதால், அருகிலுள்ள பொருள் தெளிவின்றித் தெரிகின்றது. இஃது அனைவருக்கும் வருவதே. கண்களைச் சோதித்து ஏற்ற கண்ணாடி அணிந்தால், விட்ட கலை திரும்பக் கைவரும். ஒரு கண்ணாடி இல்லாமையால் ஒரு பெண் தன் வாழ்நாட் கலையை இழப்பது எத்துணை வருந்தத்தக்கது!

வலக்கையால் தைப்போருக்கு ஒளி இடப்புறத்திலிருந்து வருதல் நலம்; அப்பொழுது கையின் நிழல் துணியில் விழாது. இருபது நிமிடங்களுக்கு ஒரு முறை தலை நிமிர்ந்து தொலைவிலுள்ள மரத்தையோ கோபுரத்தையோ நோக்குக. இரவில் கறுப்புத் துணியில் தைப்பதைத் தவிர்த்தல் வேண்டும்.

நீலகிரி தரும் படிப்பினை

எண்ணித் தைக்கும் பூவேலையில் நமக்கு வழிகாட்டிகள் நம் மாநிலத்திலேயே இருக்கின்றனர். நீலகிரியில் வாழும் தோடர் இனப் பெண்கள், வெண்ணிறப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூல்களால் செய்யும் பூவேலை உலகறிந்தது. அவர்கள் துணியின்மேல் படம் வரைந்துகொள்வதில்லை; வளையமும் மாட்டுவதில்லை. பாவு நூலையும் ஊடை நூலையும் எண்ணி எண்ணியே கோலங்களை எழுப்புகின்றனர். தேர்ந்த கையின் வேலை, நெய்த கோலமோ என்று ஐயுறும்படி அமைந்திருக்கும். இவ்வேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

'பூத்குளி' என்னும் அவர்களுடைய போர்வை பெட்டியில் வைப்பதற்காகச் செய்யப்படுவதன்று. ஆணும் பெண்ணும் அதனைப் போர்த்துவர். வாழ்வின் சடங்குகளிலும் அதற்கு இடமுண்டு. இன்னாருக்கு, இன்ன பயனுக்கு என்று தெளிந்து தொடங்கும் வேலை முடிவு பெறும். ஆதலின், ஊசியை எடுக்குமுன், இது யாருக்கு, எதற்கு என்பதை முடிவு செய்தல் வேண்டும்.

விலையும் அன்பளிப்பும்

நம் சகோதரியின் மயில் முடிந்துவிட்டது. அண்டை வீட்டார் வியந்து, "எங்களுக்கும் ஒன்று செய்து கொடு, நூல் காசு தந்துவிடுகிறோம்" என்கின்றனர். இவ்விடத்தில் ஒரு கணக்கைப் பார்ப்போம். துணிக்கும் நூலுக்கும் 90 ரூபாய் என்றும், உறையை 180 ரூபாய்க்கு விற்பதாகவும் கொள்வோம். தைத்ததற்கு 29 அரைமணிகள். ஓரம் மடித்துச் சலவை செய்து இஸ்திரி போட மேலும் அரைமணி. ஆக 15 மணி நேரம். மிஞ்சும் 90 ரூபாயை 15-ஆல் வகுத்தால் மணிக்குக் கிடைப்பது 6 ரூபாய். இரட்டிப்பு விலைக்கு விற்றதாகத் தோன்றினும், உழைப்பின் ஊதியம் இவ்வளவே. நூல் காசு மட்டும் பெற்றாலோ, அதுவும் இல்லை.

ஆகவே அன்பளிப்பு அன்பளிப்பாகவும், விற்பனை விற்பனையாகவும் இருத்தல் வேண்டும். மகளுக்கும் தோழிக்கும் மனமுவந்து கொடுப்பதற்குக் கணக்கு வேண்டா. விலைக்குக் கேட்போரிடம் நேரத்தையும் சேர்த்துக் கூறத் தயங்கலாகாது. இதன்பொருட்டு ஒரு சிறு குறிப்பேட்டில், தொடங்கிய நாள், தைத்த அரைமணிகள், வாங்கிய நூல், முடித்த நாள் ஆகியவற்றை எழுதிவருதல் நன்று. தன் உழைப்பின் அளவைத் தானே அறியாதவள் அதனைப் பிறருக்கு எவ்வாறு எடுத்துரைப்பாள்?

பெட்டியிற் கிடப்பனவற்றை என் செய்வது?

பாதியில் நின்ற துணிகளையெல்லாம் ஒரு நாள் வெளியே எடுத்து மூன்றாகப் பிரிக்கலாம். சில நாட்களில் முடியக்கூடியவை முதற்பங்கு. அவற்றுள் ஒன்றை மட்டும் கையில் எடுத்து முடிக்க. படத்தின் ஒரு பகுதி மட்டும் நிறைவுற்றிருப்பவை இரண்டாம் பங்கு. மேசை விரிப்பாக எண்ணியதைச் சுருக்கிக் கைப்பையாகவோ கைக்குட்டையாகவோ ஆக்கிவிடலாம். மனம் ஒட்டாதவை மூன்றாம் பங்கு. நூலைப் பிரித்துத் துணியை வேறு வேலைக்குக் கொள்க. இதில் தோல்வி எதுவும் இல்லை. விளையாத பயிரை மடக்கி உழுது அடுத்த போகத்திற்கு ஆயத்தமாகும் உழவரை யாரும் குறை கூறுவதில்லை.

முடிந்த வேலையை மென்மையாக அலசி, நிழலில் உலர்த்தி, தடித்த துண்டின்மேல் பூப்பக்கம் கீழாக வைத்து இஸ்திரி போட்டால் தையல்கள் எழும்பி நிற்கும். ஓரத்தில் பெயரின் முதலெழுத்தையும் ஆண்டையும் சிறிதாகத் தைத்துவைத்தல் நன்று. பின்னர் அதனைப் பூட்டி வையாது பயன்படுத்துக.

இறுதியாக வீட்டிலுள்ள ஆடவர்க்கும் ஒரு சொல். பிற்பகல் அரைமணி என்பது சிறிது. ஆயினும் அந்நேரம் முழுவதும் அவளுக்கே உரியதாக இருந்தால் ஆண்டில் பல அழகிய பொருள்கள் வீட்டில் தோன்றும். அவள் ஊசியுடன் அமர்ந்திருக்கும்போது, "சும்மாதானே இருக்கிறாய்" என்று கூறி வேறு வேலை ஏவுதல் முறையன்று. எழுந்துசென்று தாமே மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாராயின், அவர் செய்யும் உதவிகளுள் அதுவே சிறந்தது.