ஆனையிறவுக்கு வரும் பனி நாட்டு விருந்தாளிகள்



மார்கழி, தை மாதங்களில் நுவரெலியாப் பக்கம் விடியற்காலையில் தேயிலை மேல் உறைபனி படிந்து, வெயில் ஏறியதும் கொழுந்து கருகிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குளிருக்கே நமக்குப் பல் கிட்டுகிறது. இதைவிடப் பல மடங்கு குளிரான வடதுருவப் பக்கத்தில் பிறந்த பறவைகள், அதே மாதங்களில் நம் நாட்டிலேயே இரை தேடுகின்றன என்றால் நம்புவீர்களா?

1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து போய்க் கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய சொந்தக்காரர் நம்மில் பலருக்கு உண்டு. அங்கே போகிறவர்கள் யாழ்ப்பாணம் வரை போனால், ஏ-9 வீதியில் ஆனையிறவைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் களப்பைப் பாருங்க. நீண்ட காலோடு நிற்கும் பூநாரைகளைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். அவை துருவத்துப் பறவைகள் அல்ல. கரையோரச் சேற்றில் குறுகுறுவென்று ஓடித் திரியும் சின்னஞ்சிறு உள்ளான்களைக் கவனிக்க வேண்டும். அவற்றில் வளைமூக்கு உள்ளான் சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது. எடை ஏறத்தாழ 60 கிராம்தான். பக்கத்திலுள்ள சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகவும், 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது இப்படியான பறவைகளுக்காகத்தான்.

குளிரைச் சமாளிக்க இவற்றுக்கு என்ன வழி?

முதலாவது, இறகு. குளிர் அடித்தால் பறவை உடம்பை உப்பிக்கொள்ளும். இறகுகளுக்கு நடுவே காற்று தங்கும். அந்தக் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே போக விடாமல் தடுக்கும். வாலடியில் சுரக்கும் எண்ணெயை அலகால் தடவி, இறகு நனையாமலும் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது, கால். காலில் இறகு கிடையாது. ஆனால் கீழே இறங்கும் சூடான இரத்தமும், மேலே ஏறும் குளிர்ந்த இரத்தமும் பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் ஓடுகின்றன. சூடு ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறிவிடும். பாதம் சில்லிட்டாலும் நெஞ்சுக்கூடு சூடாகவே இருக்கும்.

மூன்றாவது, கொழுப்பு. பயணம் கிளம்பும் முன் வயிறாரத் தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். வழிச்செலவுக்குக் காசு முடிந்து வைப்பது மாதிரி.

நான்காவது, இடம் மாறுவது. மாரியில் அங்கே நிலம் உறைந்து போகும், பூச்சி புழு கிடைக்காது. அதனால் தெற்கே வந்து, சித்திரை வாக்கில் திரும்பிப் போகும். 2021இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தார் மன்னாரில் ஒரு கடற்காகத்துக்குச் சிறு கருவி பூட்டி விட்டார்கள். அது ரஷ்யாவின் வடக்கே யமல் தீபகற்பம் வரை போனது தெரிய வந்தது.

இடம் மாறாத பிராணிகளும் உண்டு. வெண்கரடிக்குத் தோலுக்கடியில் 4 அங்குலம் வரை கொழுப்பு இருக்கும். துருவ நரி சுருண்டு படுத்து, அடர்ந்த வாலையே கம்பளியாகப் போர்த்திக்கொள்ளும்.

தாய்மாரே, இந்தப் பாடத்தில் நமக்கும் விஷயம் இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு இறகும் இல்லை, சேர்த்து வைத்த கொழுப்பும் குறைவு. எடை குறைந்த பிள்ளை என்றால் குளிர் உயிருக்கே ஆபத்து.

• பிறந்தவுடன் ஈரத்தைத் துடைத்துத் தாயின் நெஞ்சோடு தோல் பட அணையுங்க. முதல் நாள் குளிப்பாட்ட வேண்டாம்.
• தலைக்குத் தொப்பி போடுங்க. சூடு தலை வழியாக நிறையப் போய்விடும்.
• ஒரே தடித்த துணியைவிட இரண்டு மூன்று மெல்லிய துணி நல்லது. நடுவிலே காற்று தங்கும். நனைந்தால் உடனே மாற்றுங்க.
• லயத்துக் காம்பராவில் கதவு, ஜன்னலை அடைத்துவிட்டு விறகோ கரியோ மூட்டாதீங்க. அந்த நச்சுப் புகை தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.
• பிள்ளையின் வயிறும் பாதமும் சில்லிட்டு, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், நெஞ்சோடு அணைத்தபடியே உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

60 கிராம் பறவை ஆயிரக்கணக்கான மைல் பறந்து தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறது. நம் பிள்ளைக்கு வேண்டியது தாயின் சூடும், காய்ந்த துணியும், நேரத்துக்கு எடுக்கும் முடிவும்தான்.